தி ஃபாரினர்: ஜாக்கி சான் சிரிக்காத படமும் அதுக்குப் பின்னாடி இருக்கற பழைய சண்டைகளும்

2016 பிப்ரவரி 7, ஞாயித்துக்கிழமை காலைல லண்டன் லாம்பெத் பாலத்து மேல ஒரு சிவப்பு டபுள் டெக்கர் பஸ் வெடிச்சுது. ஷூட்டிங்தான். ஆனா தேம்ஸ் கரைல சும்மா நடந்துட்டு இருந்தவங்களுக்கு அது ஷூட்டிங்னு எப்படித் தெரியும், 2005 ஜூலை 7ல டாவிஸ்டாக் சதுக்கத்துல நிஜமாவே ஒரு டபுள் டெக்கர் பஸ் வெடிச்சு, அதே காலைல சுரங்க ரயில்லயும் குண்டு வெடிச்சு மொத்தம் 52 பேர் செத்த ஊரு அது, அதனால பாத்தவங்கல்லாம் அலறிப்போய் சோஷியல் மீடியால படக்குழுவைத் திட்டித் தீத்தாங்க. அந்தப் படம்தான் 2017ல வந்த தி ஃபாரினர். ஜாக்கி சான் ஹீரோ, பியர்ஸ் பிராஸ்னன் எதிர்ப்பக்கம், டைரக்டர் மார்ட்டின் கேம்ப்பெல்.

ஜாக்கி படம்னா ஏணி, நாற்காலி, சைக்கிள் எல்லாத்தையும் வச்சு அடிப்பாரு, நடுவுல காமெடி பண்ணுவாரு, கடைசில அடிபட்ட ஷாட்டெல்லாம் போடுவாங்கன்னு நம்பி உக்காந்த நிறைய பேர் "என்னப்பா இது, மனுஷன் சிரிக்கவே மாட்டேங்குறாரு, அயர்லாந்து அரசியல்வாதிங்க ரூம்ல உக்காந்து பேசிட்டே இருக்காங்க"ன்னு பாதிலயே ஆஃப் பண்ணிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அந்த ரூம்ல என்ன பேசிக்கறாங்கன்னு புரியணும்னா வட அயர்லாந்து கதை கொஞ்சம் தெரியணும், ஹீரோ ஏன் அப்படி இருக்காருன்னு புரியணும்னா வியட்நாம் கதை தெரியணும், படம் ரெண்டையும் ரெண்டு மூணு வசனத்துல தாண்டிப் போயிடுது. என்னைக் கேட்டா இந்தப் படத்தோட நிஜமான விஷயம் பழிவாங்கல்கூட இல்ல, வயசு. ஹீரோவுக்கு வயசாயிடுச்சு, வில்லனுக்கு வயசாயிடுச்சு, அவங்க ரெண்டு பேரும் போட்ட போருக்கும் வயசாயிடுச்சு. (கதை முழுக்க சொல்லித்தான் பேசப் போறேன், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.)

கதை ரொம்ப சிம்பிள். லண்டன்ல ஹேப்பி பீகாக்னு ஒரு சின்ன ரெஸ்டாரன்ட் நடத்துற குவான், தனக்கு மிஞ்சின ஒரே பொண்ணு ஃபேனை டிரெஸ் வாங்க நைட்ஸ்பிரிட்ஜ் பக்கம் கார்ல கூட்டிட்டுப் போறாரு, பொண்ணு கடைக்குள்ள போகுது, வெளிய குண்டு வெடிக்குது, பொண்ணு செத்துடுது. தாங்கதான் செஞ்சோம்னு ஆத்தென்டிக் ஐஆர்ஏன்னு ஒரு குரூப் சொல்லிக்குது (ஐஆர்ஏன்னா ஐரிஷ் ரிபப்ளிகன் ஆர்மி, வட அயர்லாந்து பிரிட்டன்கூட இருக்கக் கூடாதுன்னு ஆயுதம் எடுத்த குழு). குவான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறாரு, சேத்து வச்ச காசை எடுத்துட்டுப் போய் அதிகாரிகிட்ட நீட்டுறாரு, யாரு செஞ்சாங்கன்னு பேரை மட்டும் சொல்லுங்கன்னு கேக்கறாரு. அவங்க பரிதாபப்பட்டு திருப்பி அனுப்பறாங்க. டிவில ஒரு அமைச்சர் பேசறதைப் பாக்கறாரு, லியம் ஹென்னஸி, வட அயர்லாந்து அரசாங்கத்துல பெரிய பதவி, ஒரு காலத்துல ஐஆர்ஏ ஆளு. இவனுக்குத் தெரியாம இருக்காதுன்னு முடிவு பண்ணி போன் மேல போன் போடுறாரு, பெல்ஃபாஸ்டுக்கே போறாரு, ஆபீஸ்ல உக்காந்து அதே கேள்வியைக் கேக்கறாரு. எனக்குத் தெரியாதுங்கறான் ஹென்னஸி. அதுக்கப்புறம்தான் அந்த ஆபீஸ் பாத்ரூம்ல சின்னதா ஒண்ணு வெடிக்குது.

இப்ப வட அயர்லாந்துக்கு வருவோம். 1921ல அயர்லாந்தை ரெண்டா பிரிச்சப்ப வடக்குல ஆறு கவுன்டி பிரிட்டன்கூடயே இருந்துடுச்சு. அங்க புராட்டஸ்டன்ட்காரங்க மெஜாரிட்டி, அவங்களுக்கு பிரிட்டனோட இருக்கணும். கத்தோலிக்கர்கள் மைனாரிட்டி, வீடு ஒதுக்கறதுல, வேலைல, உள்ளாட்சி ஓட்டுல எல்லாத்துலயும் ஓரங்கட்டப்பட்டாங்க, 1968ல உரிமை கேட்டு ஊர்வலம் போக ஆரம்பிச்சாங்க, அடி விழுந்துச்சு, 1969 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் ராணுவம் தெருவுல இறங்குச்சு, அந்த வருஷக் கடைசில ஐஆர்ஏ உடைஞ்சு ப்ரொவிஷனல் ஐஆர்ஏ உருவாச்சு. நாம செய்தில ஐஆர்ஏன்னு கேள்விப்பட்டது பெரும்பாலும் இவங்களைத்தான். 1972 ஜனவரி 30ல டெர்ரில ஊர்வலம் போனவங்க மேல ராணுவம் சுட்டதுல 13 பேர் அன்னிக்கே செத்தாங்க, அதுக்கப்புறம் ஐஆர்ஏக்கு ஆள் சேக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு, இளவட்டமெல்லாம் தானா வந்து சேந்துச்சு. எதிர்ப்பக்கமும் ஆயுதக் குழுக்கள் இருந்துச்சு, அவங்களும் கொன்னாங்க. சுமார் 30 வருஷத்துல 3,500 பேருக்கு மேல செத்தாங்க.

படத்துல முதல் குண்டு நைட்ஸ்பிரிட்ஜ்ல வெடிக்கறது சும்மா தேர்ந்தெடுத்த இடம் இல்லன்னுதான் எனக்குத் தோணுது. 1983 டிசம்பர் 17, கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை, அதே நைட்ஸ்பிரிட்ஜ்ல ஹாரட்ஸ் கடை வெளிய ஐஆர்ஏ கார் குண்டு வெடிச்சு 6 பேர் செத்தாங்க, அதுல 3 பேர் போலீஸ். அன்னிக்கு முன்னாடியே ஒரு எச்சரிக்கை போன் வந்துச்சு, கோட்வேர்ட் சொல்லித்தான் போன் பண்ணாங்க. இந்த கோட்வேர்ட் விஷயம் படத்தோட முடிச்சு. ஐஆர்ஏ வச்ச குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடி போலீஸுக்கோ பத்திரிகைக்கோ போன் பண்ணி ஏற்கெனவே பேசி வச்ச ஒரு வார்த்தையைச் சொல்லுவாங்க, அந்த வார்த்தை இருந்தா இது நிஜ மிரட்டல், சும்மா விளையாட்டு இல்லன்னு அர்த்தம். 1996 ஜூன் 15ல மான்செஸ்டர் நடு ஊர்ல ஒன்றரை டன் குண்டு வெடிச்சும் ஒருத்தர்கூட சாகல, 200 பேருக்கு மேல காயம்தான், காரணம் அந்த போனை நம்பி ஜனத்தை வெளியேத்துனதுதான். ஆனா அதே மாதிரி போன் தப்பான இடத்தைச் சொன்னா என்ன ஆகும்னும் வரலாறு காட்டிடுச்சு. 1998 ஏப்ரல் 10ல புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, நாலே மாசத்துல, ஆகஸ்ட் 15ல, ஒப்பந்தத்தை ஏத்துக்காத ரியல் ஐஆர்ஏ ஓமா ஊர்ல குண்டு வச்சாங்க, எச்சரிக்கை குழப்பமா இருந்ததால ஜனத்தைக் குண்டு இருந்த பக்கமே நகத்திட்டாங்க, 29 பேர் செத்தாங்க, அதுல வயித்துல ரெட்டைக் குழந்தையோட இருந்த ஒரு பொண்ணும் உண்டு.

ஐஆர்ஏ உடைஞ்ச கதையைக் கேட்டா நம்ம ஊர் கட்சிங்க உடைஞ்சு நாங்கதான் ஒரிஜினல்னு ஆளுக்கொரு பேர் போட்டுக்கறது ஞாபகம் வந்துடும். 1969ல ப்ரொவிஷனல் ஒரு பக்கம் அஃபிஷியல் ஒரு பக்கம், 1986ல கன்டினியூட்டி, 1997ல ரியல், 2012ல நியூ. அந்த வரிசைல ஆத்தென்டிக் ஐஆர்ஏன்னு ஒண்ணைக் கற்பனை பண்ணது ரொம்ப கச்சிதம், அது நிஜப் பேர்னு நினைச்சு தேடுனவங்களும் இருப்பாங்க. படத்துக்கு ஆதாரமான நாவல் 1992ல வந்தது, ஸ்டீபன் லெதர் எழுதுனது. அப்ப லண்டன்ல ஐஆர்ஏ குண்டு வெடிக்கறது அன்றாடச் செய்தி. 2017ல அதை அப்படியே எடுக்க முடியாது, ஐஆர்ஏ 2005லயே ஆயுதத்தைக் கைவிட்டுடுச்சு, அதனாலதான் புதுசா ஒரு குழுவைக் கற்பனை பண்ணி, பழைய போராளி இப்ப கோட்டு போட்டு ஆபீஸ்ல உக்காந்திருக்கறதா மாத்துனாங்க. இந்த மாத்தம்தான் படத்தைக் காப்பாத்துச்சுன்னு நான் சொல்லுவேன். இல்லன்னா இன்னொரு சாதா பழிவாங்கல் கதை.

கோட்டு போட்ட போராளி கற்பனை இல்ல. மார்ட்டின் மெக்கின்னஸ் டெர்ரில ஐஆர்ஏ தளபதியா இருந்தவரு, 2007ல வட அயர்லாந்து துணை முதல் அமைச்சர் ஆனாரு, அதுவும் யாரோட? வாழ்நாள் முழுக்க ஐஆர்ஏவைத் திட்டின இயன் பெய்ஸ்லியோட. ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச போட்டோவெல்லாம் பாத்து ஜனங்க வாயடைச்சுப் போனாங்க. 2012ல பெல்ஃபாஸ்டுக்கு வந்த எலிசபெத் ராணியோட மெக்கின்னஸ் கை குலுக்கினாரு, ராணியோட சொந்தக்காரர் மவுன்ட்பேட்டனை 1979ல குண்டு வச்சுக் கொன்னது ஐஆர்ஏதான்னு மனசுல வச்சுட்டு அந்தப் போட்டோவைப் பாருங்க. இங்க துணை முதல்வர் பதவின்னா பேருக்கு ஒரு பதவின்னு நினைப்போம், அங்க அப்படி இல்ல, முதல் அமைச்சருக்கும் துணைக்கும் சம அதிகாரம், ஒருத்தர் போனா மத்தவரும் காலி. 2017 ஜனவரில மெக்கின்னஸ் ராஜினாமா பண்ணதும் அரசாங்கமே கவுந்துச்சு, அதுக்குப் பின்னாடி இருந்தது குண்டும் இல்ல துப்பாக்கியும் இல்ல, மரக்கட்டை எரிச்சு ஹீட்டர் ஓட்டறதுக்கு குடுத்த மானியத்துல நடந்த ஊழல். அதே வருஷம் மார்ச்ல அவரு செத்துட்டாரு. தி ஃபாரினர் தியேட்டர்ல ஓடுனப்ப வட அயர்லாந்துல அரசாங்கமே கிடையாது, 2020 வரைக்கும் இல்ல.

பிராஸ்னன் தாடியும் கண்ணாடியுமா வந்ததைப் பாத்து இது ஜெர்ரி ஆடம்ஸ்தான்னு எல்லாரும் எழுதுனாங்க. ஆடம்ஸ் ரொம்ப காலம் ஐஆர்ஏவோட அரசியல் முகமா இருந்த ஷின் ஃபேன் கட்சிக்குத் தலைவர், தான் ஐஆர்ஏல இருந்ததே இல்லன்னு எப்பவும் சொல்றவரு. ஹென்னஸி அப்படி மறுக்கற ஆளு இல்ல, பழைய வாழ்க்கையை ஒத்துக்கிட்டு அதை வச்சே அரசியல் பண்றவன். லண்டன் குண்டுக்குப் பின்னாடி அவன் கணக்கு என்னன்னா, ஆள் சேதம் இல்லாம சின்னதா ஒண்ணு ரெண்டு வெடிச்சா பிரிட்டிஷ் அரசாங்கம் பயந்து தன்கிட்ட வரும், அப்ப பழைய சகாக்களுக்கு மன்னிப்பு வாங்கிக் குடுத்து ஊர்ல பேர் எடுக்கலாம். அவன்கூட இருந்தவங்க அதை ஆள் சேதத்தோட நடத்திட்டாங்க, அதுல அவன் பொண்டாட்டியும் கூட்டு. இந்த மன்னிப்பு பேரம்கூட நிஜத்துல இருந்து கொஞ்சம் தூரத்துல இருக்கறதுதான், புனித வெள்ளி ஒப்பந்தப்படி ரெண்டு வருஷத்துல 400 பேருக்கு மேல ஜெயில்ல இருந்து விட்டாங்க, தலைமறைவா இருந்தவங்க சிலருக்கு உங்களைத் தேடலன்னு அரசாங்கமே ரகசியமா லெட்டர் குடுத்துச்சு, 1982 ஹைட் பார்க் குண்டு வழக்கு 2014ல அப்படி ஒரு லெட்டராலதான் கோர்ட்ல நிக்காம போச்சு.

பிராஸ்னன் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அவரு பொறந்தது அயர்லாந்து டிராகெடால, வளந்தது நேவன்ல, பதினொரு வயசுல லண்டனுக்கு வந்தவரு. 1980ல தி லாங் குட் ஃப்ரைடேன்னு ஒரு லண்டன் கேங்ஸ்டர் படம் வந்துச்சு, அதுல சின்ன ரோல்ல ஐஆர்ஏ கொலையாளியா வந்த பையன் இவருதான், கிட்டத்தட்ட அவரோட சினிமா ஆரம்பமே அதுதான். நடுவுல நாலு படம் ஜேம்ஸ் பாண்டா பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலை பாத்துட்டு, 62 வயசுல பழைய ஐஆர்ஏ காரனா திரும்ப வர்றாரு. அவரை முதல்ல பாண்ட் ஆக்குன கோல்டன்ஐ படத்தோட டைரக்டரும் இதே கேம்ப்பெல்தான். கேம்ப்பெல்லுக்கு மகளைப் பறிகொடுத்த அப்பா கதை மேல ஏதோ ஒரு பிடிப்பு இருக்கு போல, 1985ல பிபிசிக்கு எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்னு ஒரு சீரியல் எடுத்தாரு, 2010ல அதையே மெல் கிப்சனை வச்சு படமா எடுத்தாரு, ரெண்டுலயும் கண்ணெதிர்ல மகள் செத்துப்போற ஒரு அப்பாதான் ஹீரோ.

ஹீரோவோட பழைய கதைக்குப் போவோம். குவான் யாருன்னு ஹென்னஸியோட ஆளுங்க தோண்டி எடுக்கறப்ப ஒரு நிமிஷத்துல எல்லாம் கொட்டப்படுது. சீன வம்சாவளி, நுங் இனம், வியட்நாம் போர்ல அமெரிக்க சிறப்புப் படைகிட்ட பயிற்சி வாங்கினவரு, போர் முடிஞ்சதும் குடும்பத்தோட தப்பிக்கறப்ப கடல்ல கொள்ளைக்காரங்ககிட்ட மாட்டி ரெண்டு பொண்ணுங்களை இழந்தவரு. இது கதாசிரியர் இஷ்டத்துக்குச் சேத்த மசாலா இல்ல. அமெரிக்க சிறப்புப் படைங்க நுங் ஆளுங்களைக் காசு குடுத்து வச்சிருந்தது நடந்த விஷயம். 1975 ஏப்ரல் 30ல தெற்கு வியட்நாம் தலைநகர் சைகான் விழுந்துச்சு, 1978-79ல சீன வம்சாவளிக்காரங்களுக்கு வியட்நாம்ல இருக்க முடியாத நிலைமை, லட்சக்கணக்குல படகு ஏறுனாங்க, தாய்லாந்து வளைகுடால கொள்ளைக்காரங்க அந்தப் படகுகளைத் திரும்பத் திரும்ப மறிச்சு பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போனதும் கொன்னு போட்டதும் அவ்வளவு நடந்துச்சு, 1982ல ஐநா அகதிகள் அமைப்பு கடல் கொள்ளையைத் தடுக்கறதுக்குன்னே தனியா ஒரு திட்டம் போட வேண்டியதாச்சு.

இங்கதான் வயசுக் கணக்கு அழகா உக்காருது. ஜாக்கி பொறந்தது 1954 ஏப்ரல் 7. சைகான் விழுறப்ப 21 வயசு. அந்த வயசுல போர்ல இருந்தவன் 2016ல 61, 62 வயசுக் கிழவனாத்தான் இருப்பான், ஜாக்கிக்கு நரைச்ச முடியும் தொங்குன தோளும் மேக்கப்புக்காக மட்டும் இல்ல, கதைக்கே அது தேவை. கொஞ்ச வயசு ஆக்ஷன் ஹீரோவைப் போட்டிருந்தா வியட்நாம் பழசு ஒட்டவே ஒட்டாது.

அந்த உடம்பைப் பத்தியும் பேசணும். ஹாங்காங்ல யூ ஜிம்-யுவென் வாத்தியார்கிட்ட பீக்கிங் ஓபரா பள்ளில சின்ன வயசுல இருந்து அடி வாங்கிக் கத்துக்கிட்ட உடம்பு, 1985ல போலீஸ் ஸ்டோரில ஷாப்பிங் மால்ல பல்பு சுத்துன கம்பத்தைப் பிடிச்சு சறுக்கி கையெல்லாம் வெந்துபோச்சு, அடுத்து ஆர்மர் ஆஃப் காட் ஷூட்டிங்ல யூகோஸ்லாவியால மரத்துல இருந்து விழுந்து மண்டை ஓடு உடைஞ்சு சாகப் பாத்தாரு, ஒரு காது சரியா கேக்காம போனது அதனாலதான். 2012ல கான் விழாவுக்கு வந்து இனிமே பெரிய ஆக்ஷன் படம் பண்ண மாட்டேன்னு அறிவிச்சாரு. 2008ல சென்னைக்கு தசாவதாரம் பாட்டு வெளியீட்டுக்கு வந்தப்ப நேரு ஸ்டேடியமே அதிர்ந்துச்சே, நம்ம ஜனத்துக்கு மனசுல இருக்கற ஜாக்கி அந்த ஜாக்கி, சிரிச்சு கை காட்டற ஜாக்கி. 2017 ஜனவரில வந்த குங் ஃபூ யோகால கூட சோனு சூட்கூட சேந்து டான்ஸ் ஆடிட்டு இருந்தவரு, அதே வருஷக் கடைசில இப்படி வந்து நின்னா அதிர்ச்சியாத்தான் இருக்கும்.

பெல்ஃபாஸ்ட்ல குவான் தங்கியிருக்கற லாட்ஜுக்கு ஹென்னஸி ஆளுங்க வந்து மடக்கறாங்க இல்ல, அந்த சண்டையை நிதானமா பாருங்க. இடம் ரொம்ப குறுகல், மாடிப்படி, ரூம் கதவு, கைக்குக் கிடைச்சதை வச்சு அடிக்கறது எல்லாம் பழைய ஜாக்கிதான். ஆனா ஒவ்வொரு அடிக்கும் அப்புறம் ஒரு இடைவெளி இருக்கு, மூச்சு வாங்குது, அடி வாங்குனா எழுந்திருக்க நேரமாகுது, கூரைல இருந்து இறங்கறப்ப இறங்கறாரா விழறாரான்னே தெரியல. பழைய படங்கள்ல வலி ஒரு காமெடி, கையை உதறுவாரு, முகத்தைச் சுளிப்பாரு, நாம சிரிப்போம். இங்க அதே உதறல்தான், யாரும் சிரிக்க மாட்டோம். அப்புறம் ஹென்னஸி பண்ணை வீட்டுக்குப் பக்கத்துக் காட்டுல ஒளிஞ்சுக்கிட்டு பொறி வைக்கறாரு, குண்டடி பட்ட காயத்துக்கு தானே வைத்தியம் பாத்துக்கறாரு. காட்டுல அவரைத் தேடி வர்றவன் ஹென்னஸியோட சொந்தக்காரப் பையன் ஷான், இராக்ல பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்துட்டு வந்தவன், அதாவது பழைய போர்க்காரனைப் பிடிக்க புதுப் போர்க்காரன்.

இன்னொரு விஷயம், குவானோட பெரிய ஆயுதம் யாரும் அவரைப் பாக்கறதில்லைங்கறதுதான். வயசான ஆசியாக்காரன், ஹோட்டல் சமையக்காரன், இங்கிலீஷ் தயங்கித் தயங்கிப் பேசறான், போலீஸும் கண்டுக்கல, அமைச்சரும் கண்டுக்கல, வில்லன் கூட்டம் அவரைச் சீனாக்காரன்னு இளப்பமாத்தான் கூப்பிடுது. கடைசில குண்டு வச்சவங்க ஃபிளாட்டுக்குள்ள கேஸ் ரிப்பேர்காரரா போய் நிக்கறப்பவும் அதேதான் வேலை செய்யுது.

இதே அச்சுல முன்னாடி ஷ்வார்ஸநெகர் பண்ண கொலாட்டரல் டேமேஜ் இருக்கு, குண்டுவெடிப்புல குடும்பத்தை இழந்த தீயணைப்பு வீரர் கொலம்பியாவுக்கே கிளம்பிப் போவாரு, 2001 அக்டோபர்ல வர வேண்டிய படம், செப்டம்பர் 11 தாக்குதலால தள்ளிப்போய் 2002 பிப்ரவரிலதான் வந்துச்சு. அதுல ஹீரோவுக்கு எதிரி வெளிநாட்டுக்காரன், வேலை சுலபம். டேக்கன் படத்து லியம் நீசனுக்கும் அப்படித்தான், சொல்லப்போனா அவரு பொறந்ததே வட அயர்லாந்து பாலிமினால, டேக்கன்ல அந்த ஊர் பிரச்னையைத் தொடாமயே ஐரோப்பால ஆளுங்களை அடிச்சுட்டு வந்தாரு. தி ஃபாரினர்ல வெளிநாட்டுக்காரன் ஹீரோதான், சண்டை அந்த ஊர்க்காரங்களுக்குள்ள, அவரு நடுவுல மாட்டுன ஆளு.

எல்லாம் சரி, குறையும் இருக்கு. நடுவுல நீளமா ஜாக்கியே காணாம போயிடுறாரு, பிராஸ்னன் விஸ்கி கிளாஸோட போன் பேசிட்டே இருக்காரு. வட அயர்லாந்து சாதாரண ஜனம்னு ஒருத்தர்கூட படத்துல இல்ல, எல்லாரும் ஒண்ணு குண்டு வைக்கறவங்க இல்ல குண்டை மறைக்கறவங்க, 1998க்கு அப்புறம் நிம்மதியா கடைக்குப் போயிட்டு வந்த லட்சக்கணக்கான பேரை இந்தப் படத்துல தேடுனா கிடைக்க மாட்டாங்க. 2017 மார்ச்ல வெஸ்ட்மின்ஸ்டர் பாலம், மே மாசம் மான்செஸ்டர் அரீனா, ஜூன்ல லண்டன் பாலம்னு பிரிட்டன்ல நடந்த தாக்குதலெல்லாம் வேற மாதிரியானது, அந்த நேரத்துல ஐஆர்ஏ குண்டு கதைன்னா பழங்கதைதானேன்னு சொன்னவங்க உண்டு. ஆனா 2019 ஏப்ரல்ல டெர்ரில நியூ ஐஆர்ஏ சுட்டதுல லைரா மெக்கீங்கற இளம் பத்திரிகையாளர் செத்தாங்க, அதனால முழுக்கப் பழங்கதைன்னும் ஒதுக்க முடியல. வசூல்ல குறையில்ல, சுமார் 3.5 கோடி டாலர்ல எடுத்து உலகம் முழுக்க 14 கோடிக்கு மேல வந்துச்சு, அதுல பாதிக்கு மேல சீனாலதான்.

எனக்கு ஒட்டாம நின்னது கடைசிப் பகுதி. உயிரோட பிடிபட்ட குண்டு வச்ச பொண்ணைப் போலீஸ் சித்திரவதை பண்ணி அடுத்த குண்டு எங்கன்னு கறக்கறாங்க, ஏர்போர்ட்ல ஒரு பத்திரிகைக்காரர் லேப்டாப்ல இருக்குன்னு தெரிஞ்சதும் அந்தப் பொண்ணைப் பிடிபட்ட இடத்துலயே சுட்டுடச் சொல்லி ஆர்டர் போடறாரு அதிகாரி. கோர்ட் இல்ல, கேஸ் இல்ல. இவ்வளவு நேரம் குவான் சட்டத்தைக் கையில எடுத்தது சரியா தப்பான்னு நம்மளை யோசிக்க வச்ச படம், அரசாங்கமே அதைச் செய்யறப்ப ஒரு கேள்வியும் கேக்காம சில செகண்ட்ல தாண்டிப் போயிடுது. குவானை மட்டும் அதே அதிகாரி தூரத்துல துப்பாக்கியோட ஆள் வச்சுக் குறி பாத்துட்டு, இந்த ஆளுக்கு நாம கடன்பட்டிருக்கோம்னு நினைச்சோ என்னமோ, சரி விட்டுடுன்னு சொல்லிடறாரு. யாரைச் சுடணும் யாரை விடணும்னு ஒரே மனுஷன் ஒரே நாள்ல முடிவு பண்றாரு, கேம்ப்பெல் அதை ஹேப்பி எண்டிங் மாதிரி எடுத்து வச்சிருக்காரு.